பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு மணி நேரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்து மூன்று. பணி அனுபவம் எழுதுகிற வயது இது இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். என் இடது முழங்கால் அப்படி நினைக்கவில்லை. ஒன்பது வருடம் மேடு ஏறி இறங்கிய பிறகு, இனி காட்டுக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே காட்டிலிருந்து மட்டும் எனக்கு ஓய்வு. இப்போது மெர்கோங்கில், கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து, உங்களுக்கான பயிற்சித் தாள்களைத் தயாரிக்கிறேன்.

எந்த மரம் எந்தப் பருவத்தில் விதை உதிர்க்கும், புழு விழுந்த விதையை எப்படிக் கண்டுபிடிப்பது, ஈரம் போகாமல் மூட்டை கட்டி நாற்றுப் பண்ணைக்கு எப்படி அனுப்புவது, இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆள் காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் ஒருமுறை ஒரு வரி பிசகாமல் பின்பற்றினேன். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை வேலை பார்த்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அப்பாவை, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார். கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால், அப்பா வேலை செய்யும் நிரையின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். மேற்பார்வையாளர் வேலை கிடைத்த அன்று நான் எடுத்த முதல் முடிவு, என் கீழே வேலை செய்கிறவர்களை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்பது. இந்த முடிவில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு. பெருமைப்பட வேண்டிய ஒன்றினாலும் தப்பு நடக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாலிங் பக்கத்துக் காட்டில் எனக்குக் கொடுத்த குழுவில் மூன்று பேர். முனியாண்டி அண்ணன், ஐம்பதை நெருங்கியவர், பாராங் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு முன்னால் போகிறவர். அஸ்லான், மரம் ஏறுகிறவர், என் வயதுதான், பக்கத்து மலாய்க் கம்போங்கைச் சேர்ந்தவர். தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், பாதி தமிழிலும் பாதி மலாயிலும் பதில் சொல்வார், என்னை அக்கா என்ற பொருளில் 'காக்' என்பார். மூன்றாவது ராமாயி அக்கா. செமிலிங்கில் வீடு. நாற்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா காட்டில் பிரம்பு வெட்டியவர். சிறு பிள்ளையிலிருந்து அவரோடு காட்டில் திரிந்ததால், பத்து அடி தூரத்திலிருந்தே முளைக்கிற விதை எது, முளைக்காத விதை எது என்று அக்காவுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது.

முதல் நாளே காட்டு வாசலில் முனியாண்டி அண்ணன் என்னை நிறுத்தினார்.

"மிஸ், உள்ள போனா பேரு வேணாம்."

"ஏன் அண்ணே?"

"வேணாம் லா. அவ்ளோதான்."

"காரணம் சொல்லுங்க."

"காரணம் சொல்ல நான் என்ன யுனிவர்சிட்டியா போனேன்? ஆளு வேணும்னா பலகைவேர்ல மூணு தட்டு தட்டுங்க. ரெண்டு தட்டு திரும்ப வரும். ஆளு இருக்குனு அர்த்தம்."

பெரிய மரங்களின் அடியில் பலகை நிறுத்தி வைத்ததுபோல் வேர்கள் நிற்கும். பாராங்கின் முதுகால் அதில் தட்டினால் அடுத்த மேடு வரைக்கும் கேட்கும்.

ராமாயி அக்கா சிரித்தார். "பேர லாரியிலயே வச்சிட்டுத்தான் மிஸ் போவோம். சாயங்காலம் லாரி நிக்கிற சடக்குக்கு வந்து எடுத்துக்குவோம்."

பிறகு அஸ்லான்தான் விளக்கினார். காட்டுக்குள் ஒருவர் பெயரைச் சொன்னால், கேட்கக் கூடாதது கேட்டு வைத்துக்கொள்ளும். அப்புறம் அது தெரிந்தவர் குரலில் கூப்பிடும். பதில் சொன்னால் வழி தப்பும். காட்டில் வேலை செய்கிற மலாய்க்காரர்கள், தமிழர்கள், மரம் வெட்ட வந்தவர்கள், பெத்தாய்க் காய் பறிக்க வந்தவர்கள் என்று அங்கே நான் கேட்டுப் பார்த்த எல்லோருமே இதில் ஒன்றாக இருந்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இரண்டு மாதம் அவர்கள் வழியிலேயே விட்டேன்.

ஒருநாள் வேலை முடிந்து தட்டினோம். இரண்டு தட்டு திரும்ப வந்தது. அஸ்லான் வருகிறார் என்று நினைத்து நாங்கள் இறங்கிவிட்டோம். தட்டியது பெத்தாய் பறிக்க வந்த யாரோ. அஸ்லான் ஒரு மணி நேரம் மரத்தடியில் எங்களுக்காகக் காத்திருந்தார். அன்றைக்கே விதியை மாற்றினேன். பிற்பகல் இரண்டரைக்கு எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். நான் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், வாயால் பதில் சொல்ல வேண்டும். காரணம் சரியான காரணம்தான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முனியாண்டி அண்ணன் என் எதிரே நின்றுகொண்டே பதில் சொல்லவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ். நீங்களே படிச்சுக் காட்டுங்க."

மற்ற இருவர் முன்னால் படித்துக் காட்டினேன். கட்டளைக்குக் கீழ்ப்படியாமை என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது. கேட்டு முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ராமாயி அக்கா மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பெயர் வந்ததும் கையைத் தூக்குவார். அவரோடு சண்டை போட எனக்கு மனமில்லை. கை தூக்கியதும் பெயருக்கு எதிரே சரி போட்டு வைத்தேன்.

அது கெருயிங் மரம் விதை உதிர்க்கிற பருவம். இரண்டு நீள இறக்கையோடு சுழன்று சுழன்று விழும். விழுந்த இரண்டு மூன்று நாளில் பொறுக்காவிட்டால் வீண். அதனால் அந்த வாரம் எல்லோரும் தனித்தனியாகப் பிரிந்து வேலை செய்தோம். இரண்டரைக்குக் கூடினோம். ராமாயி அக்கா வரவில்லை.

பத்து நிமிடம் பார்த்தோம். முனியாண்டி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பை கெளையில தொங்குது மிஸ். அதான் நான் அங்கிட்டுப் போகல."

பையைக் கிளையில் மாட்டிவிட்டுப் போனால், ஒதுங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். காட்டில் பெண்கள் வேலை செய்ய முடிவது இந்த மாதிரி மரியாதைகளால்தான். அன்றைக்கு அந்த மரியாதையில் பதினைந்து நிமிடம் போனது. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

நான் போய்ப் பார்த்தேன். பை இருந்தது, பாதி விதை நிறைந்திருந்தது. நான் கொடுத்த விசிலும் பைக்குள்ளேயே இருந்தது. ஆள் இல்லை. சரிவுக்குக் கீழே ஓடைச் சத்தம் கேட்டது. மேலே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்திருந்தால், எங்கே விழுந்திருக்கிறார் என்று மழைக்கு முன்னால் தெரிய வேண்டும். மழை பெய்தால் அந்த ஓடை ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு வந்துவிடும்.

மேட்டில் ஏறினால் கைப்பேசிக்கு ஒரு கோடு கிடைக்கும். அலுவலகத்தைக் கூப்பிட்டேன். மீட்புப் படைக்குச் சொல்கிறோம், வந்து சேர ஏழு மணி ஆகலாம், அதுவரைக்கும் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள் என்றார்கள். கையேட்டில் உள்ளபடி என்றால், கடைசியாக ஆள் இருந்த இடத்தில் நின்று, ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் கைஒலிபெருக்கியை வந்த நாளிலிருந்து தினமும் நான்தான் சுமந்துகொண்டு போனேன். ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை.

"ராமாயி! ராமாயி!"

ஒலிபெருக்கியில் போட்டால் யார் குரலும் அவர் குரலாக இருக்காது. தகரத்தை உரசியதுபோல் என் குரல் மேட்டில் மோதித் திரும்பி வந்தது.

மூன்று மணி இருக்கும். முனியாண்டி அண்ணன் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"ஒரு சத்தம் கேட்டாப்ல இருந்துச்சு மிஸ். தட்டுற சத்தம்."

நானும் காது கொடுத்தேன். எதுவும் இல்லை.

"கெளை விழுந்திருக்கும் அண்ணே."

"நம்ம மாதிரி தட்டிப் பாப்போமா?"

"இது விளையாட்டு இல்ல. தட்டுனா யாரு வேணா திருப்பித் தட்டுவாங்க. அஸ்லானுக்கு நடந்தது மறந்திருச்சா? மைக்க வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போய்க் கூப்பிடுங்க. நிறுத்தாதீங்க."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றியது. அந்தக் கடிதம் இன்னும் அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு மழை இறங்கியது. மழையிலும் கூப்பிட்டோம். முனியாண்டி அண்ணன் தொண்டை கட்டியதும் நான் வாங்கினேன். என் தொண்டை கட்டியதும் அஸ்லானிடம் கொடுத்தேன். அவர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கூப்பிடவில்லை. பிடுங்கி நானே கூப்பிட்டேன். நாலே முக்காலுக்கு மழை விட்டது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் வந்திருந்தது.

ஐந்து மணிக்கு அஸ்லான் கீழேயிருந்து கையைக் காட்டினார். "காக், இங்க வந்து பாருங்க."

ஓடைக்கு இந்தப் பக்கம் கரை சரிந்திருந்தது. அதற்குக் கீழே சேற்றில் தடம். நாங்கள் நினைத்ததுபோல் விழுந்து கிடந்த தடம் இல்லை. ஊர்ந்து போன தடம். ஒரு முழங்கை, இன்னொரு முழங்கை, பின்னால் இழுபட்ட ஒரு கால்.

நான் அந்தத் தடத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்தச் சில நிமிடத்தைப் பற்றித்தான்.

தடத்தின் விளிம்புகள் கூர்மையாக இருந்தன. பெருமழைக்கு முன்னால் உண்டான தடம் என்றால் கரைந்திருக்கும். ஆகவே மழை குறைந்த பிறகு, கடைசி அரைமணி நேரத்துக்குள் உண்டான தடம். அந்த அரைமணி நேரமும் நான் நேர் மேலே, முப்பது அடி உயரத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது கேட்காமல் இருக்க வாய்ப்பில்லை. தடம் என்னை நோக்கி வரவில்லை. ஓடைக்குள் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, மேலே போயிருந்தது.

உயிரோடு இருக்கிறார். நினைவோடு இருக்கிறார். நான் கூப்பிடக் கூப்பிட விலகிப் போகிறார். நான் இரண்டு மணி நேரமாக அவரைத் தேடவில்லை, துரத்தியிருக்கிறேன்.

தலையில் அடிபட்டுத் தெரியாமல் போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருந்தால் நான் செய்தது சரி, மேலும் கூப்பிட வேண்டும், ஓடையைத் தாண்டிப் பின்னாலேயே ஓட வேண்டும். அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததால்தான் அதன்மேல் சந்தேகம் வந்தது.

"அண்ணே, மூணு மணிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சுனு சொன்னீங்களே. எத்தன தட்டு?"

"மூணு."

"நிச்சயமா?"

"நான் அப்பவே சொன்னேன் மிஸ்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிறுத்தாதீங்கன்னீங்க."

அஸ்லான் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடக் கூப்பிட அவங்க மேல போவாங்க காக். மேல பாறை. அப்புறம் ரொம்பப் பள்ளம்."

காட்டுக்குள் இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான் வெளிச்சம். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டிப் பார்க்கலாம். நான் நினைப்பது தப்பாகி, அவர் சுயநினைவில்லாமல் போய்க்கொண்டிருந்தால், அந்த அமைதியில், மிச்சமிருக்கிற வெளிச்சமும் போய்விடும். பிறகு மீட்புப் படை வந்து, ஏன் கூப்பிடுவதை நிறுத்தினாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. மாறாக, கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். அப்போது என்ன நடந்தாலும் கையேட்டின்படி செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும். இப்படி ஒரு நிலை உங்களுக்கும் வரும். எந்த வழியில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, எந்த வழியில் காணாமல் போனவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் இன்னொருமுறை பாருங்கள்.

ஒலிபெருக்கியை அணைத்தேன். பயம் வந்தால் என் கை மறுபடியும் அதை எடுக்கும் என்று தெரிந்ததால், பேட்டரிகளைக் கழற்றி அஸ்லானிடம் கொடுத்தேன்.

"யாரும் பேச வேணாம். அண்ணே, நீங்க தட்டுங்க."

"மூணா?"

"நீங்க எப்பவும் எப்படித் தட்டுவீங்களோ அப்படி."

தடம் கிடந்த இடத்துக்கு மேலே ஒரு பெரிய பலகைவேர் இருந்தது. முனியாண்டி அண்ணன் பாராங்கைத் திருப்பிப் பிடித்து மூன்று முறை தட்டினார். சத்தம் ஓடையைத் தாண்டிப் போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம். ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினார். ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை.

அஸ்லான் கையில் இருந்த பேட்டரிகளைப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை தட்டிவிட்டு முனியாண்டி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கரையில், சற்று வலப்பக்கம், மரத்தில் கல்லால் தட்டுகிற மாதிரி மந்தமாக ஒரு சத்தம். சிறிது விட்டு இன்னொன்று.

முனியாண்டி அண்ணன் பதில் தட்டு தட்டவில்லை. அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்துத்தான் எழுந்தார்.

கயிறு கட்டி ஓடையைக் கடந்தோம். எழுபது எண்பது அடி ஏறியதும் ஒரு மரத்தின் இரண்டு பலகைவேர்களுக்கு நடுவில் ராமாயி அக்கா உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் பெரிதாக வீங்கி நிறம் மாறியிருந்தது. கையில் கல்.

"யாரு தட்டுனது?"

"நான்தான்" என்றார் முனியாண்டி அண்ணன்.

"கை வலு கொறஞ்சு போச்சு போல. ஏதோ கெழவன் தட்டுற மாதிரி இருந்துச்சு. நீதானானு ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் திருப்பித் தட்டுனேன்."

"வாய் மட்டும் ஒடையல பாரு ஒனக்கு."

"விழுந்ததுலேருந்து தட்டுனேனே. என்னா, ரெண்டு காதுலயும் கித்தா மரத்துப் பால் ஊத்தி வச்சிருந்தீங்களா?"

அக்கா என் தோளில் தொங்கிய ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கொரலு நீங்களா மிஸ்?"

"ஆமாக்கா."

"நல்லா இல்ல மிஸ் அந்தக் கொரலு."

அஸ்லான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். சடக்குக்கு இறங்கும்போது கீழிருந்து மீட்புப் படையினர் ஏறிக்கொண்டிருந்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார்.

விபத்து அறிக்கை நான் எழுத வேண்டும். அப்போது எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். "இரண்டு மணி நேரம் முறைப்படி பெயர் சொல்லி அழைக்கப்பட்டது, பணியாளர் வேண்டுமென்றே பதிலளிக்கவில்லை" என்று எழுதினால் போதும் என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படி எழுதினால் ராமாயி அக்காவை மறுபடி காட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லாத ஆளை எந்த அலுவலகம் காட்டுக்கு அனுப்பும்? நாற்றுப் பண்ணையில் பை நிரப்பும் வேலை கொடுப்பார்கள், அல்லது அதுவும் இல்லை. அவர் பொறுக்கிக் கொடுத்த விதையில் முளைத்த நாற்றுகள் பண்ணையில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த வேலையில் அவருக்குச் சமமாக யாரும் எங்களிடம் இல்லை.

நான் வேறு மாதிரி எழுதினேன். தட்டும் சத்தம் கேட்டதாகச் சக பணியாளர் சொன்னதையும், நான் அதை ஏற்காததையும், தொடர்ந்து கூப்பிடச் சொன்னதையும் நேரம் போட்டு எழுதினேன். எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் இணைத்தேன். எனக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. அது நியாயம்தான்.

அறிக்கையில் காயம்பட்டவர் கையொப்பமோ கைநாட்டோ வேண்டும். செமிலிங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கால் நீட்டி, மாவுக்கட்டின் மேல் பூனை படுத்திருக்க, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டு வந்தியா?"

காட்டுக்கு வெளியே, முதல்முறையாக, மிஸ் இல்லாமல் பேசினார்.

"ஆச்சுக்கா. இது உங்க ரிப்போர்ட். படிக்கிறேன், கேளுங்க. சரியா இருந்தா கைநாட்டு வைங்க."

"சரியா இல்லாட்டி?"

"சொல்லுங்க, மாத்துறேன்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். நான் முதலிலிருந்து படித்தேன். கேட்டுக்கொண்டே பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் கை நின்றது.

"அத இன்னொரு தடவ படி."

"'ஒலிபெருக்கியின் குரலைக் கேட்டு அச்சமடைந்த பணியாளர், ஓடையைக் கடந்து விலகிச் சென்றார்.'"

"அச்சம்னா பயமா?"

"ஆமா."

"நான் பயப்படலையே."

"பயந்துதான ஊர்ந்து போனீங்க?"

"யாரு சொன்னா? விழுந்ததும் நான் என்னா செஞ்சேன்? தட்டுனேன். நம்ம ஆளு பக்கத்துல இருந்தா திருப்பித் தட்டியிருப்பாங்க. தட்டல. அதுக்குப் பதிலா பேரச் சொல்லி ஏதோ ஒண்ணு கூப்பிடுது. நம்ம ஆளு யாரும் உள்ள பேரச் சொல்ல மாட்டாங்க. அப்ப அது நம்ம ஆளு இல்ல. தண்ணி வேற ஏறுது. மேட்டுக்குப் போனேன். இதுல பயம் எங்க இருக்கு?"

அவருக்கு அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கும் தவறவில்லை. அந்தக் காட்டில் அன்றைக்கு நிதானமாக யோசித்த ஒரே ஆள் கால் முறிந்து கிடந்தவர்தான்.

"நான்தான் கூப்பிட்டேன்னு இப்பத் தெரிஞ்சிருச்சே அக்கா. இன்னொரு தடவ இப்படி ஆனா, பேரக் கூப்பிட்டா வருவீங்களா?"

"இப்பத் தெரியும். இங்க உக்காந்திருக்கேன், நீ எதிர இருக்க. அங்க எப்படித் தெரியும்?"

பூனை எழுந்து இறங்கிப் போனது. அவர் மாவுக்கட்டின் விளிம்பைச் சொறிய முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

"அந்த எடத்த அடிச்சிரு."

"அடிச்சுட்டு என்ன எழுதட்டும்?"

"'தட்டுனேன். யாரும் திருப்பித் தட்டல. அதனால போயிட்டேன்'னு எழுது."

அறிக்கை மொழியில் அதை மாற்றி எழுத எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு பழைய வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினேன்.

"ம்" என்றார். "எங்க, மைய எடு."